காலைத் தூக்கிக்கோ

போன ஆவணியில் காட்பாடியில் ஒரு கல்யாணம். மொய் எழுதிவிட்டு வெளியே வந்தால், ஒரு பெரியவர் என் பழைய பத்மினி காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் தாம்பூலப் பை. குனிந்து பம்பருக்கு அடியில் பார்த்தார். முன் கதவின் முக்கோணக் கண்ணாடியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார், அது சத்தமில்லாமல் திரும்பியதும் தலையை ஆட்டிக்கொண்டார். விஷயம் தெரிந்தவர். "எழுபத்தாறு மாடலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அப்புறம் டிக்கிப் பக்கம் போனார், நின்றுவிட்டார். டிக்கியில் ஒரு இரும்பு நாதாங்கி, அதில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கும். "இது இன்னாங்க, குடோன் கதவாட்டம்? இவ்ளோ செலவு பண்ணியிருக்கீங்க, இதை எடுத்துட்டு கம்பெனி லாக்கே போட்டிருக்கலாமே. ஒரிஜினலா இருந்தாத்தானே மதிப்பு?"

சரிங்க என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் ரசம் ஊற்றும்போதும் அந்த வார்த்தை இலையில் கிடந்தது. மறுநாள் ஒன்பதாம் வகுப்புக்குக் காரணிப்படுத்தல் நடத்திக்கொண்டிருந்தபோதும் வந்து நின்றது. ஒரிஜினல் என்றால் எந்த வருடத்து ஒரிஜினல்? ஆறு வருடம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில், இதை யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும் போல இருக்கிறது.

சித்தூர் ராணி

எங்கள் வீட்டில் யாரும் அதைப் பத்மினி என்று சொன்னதில்லை. ஃபியட்தான். பம்பாய் குர்லாவில் 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்த அதே உடம்புக்கு எழுபதுகளின் நடுவில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாற்றினார்கள். ராணி பெயர் என்று அப்பா சொன்னார். எந்த ஊர் ராணி என்று கேட்டதற்கு, சித்தூர் என்றார். எனக்குத் தெரிந்த சித்தூர் காட்பாடி தாண்டி பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆகவே பத்மினி நம் பக்கத்து ஊர்க்காரி என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ராஜஸ்தானத்தில் இன்னொரு சித்தூர் இருக்கிறது என்று வரலாற்று வாத்தியார் சொன்னபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. 1911 வரைக்கும் வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரே நம் சித்தூர்தான் என்பதால், கொஞ்சம் உரிமை கொண்டாடினால் தப்பில்லை என்று இப்போதும் வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு வேலூர் மண்டித் தெருவில் வெல்லக் கமிஷன் வியாபாரம். பெரிய மண்டி இல்லை. ஒரு தராசு, ஒரு மேசை, இரண்டு ஆள். 1984-இல் ஒரு டாக்டரிடமிருந்து இந்த வண்டியை வாங்கினார். "டாக்டர் ஓட்டின வண்டி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார், டாக்டர் ஓட்டினால் இன்ஜினுக்கு ஆயுள் கெட்டி என்பது போல. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் கரும்பாலைகளுக்குப் போய்ச் சரக்குப் பார்த்துவிட்டு, வரும்போது டிக்கியில் இரண்டு சிப்பம் போட்டுக்கொண்டு வருவார். குடும்ப வண்டி, வியாபார வண்டி என்று பிரித்துப் பார்க்கிற வசதியெல்லாம் எங்களுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாலும் வண்டி வெல்ல வாசனை அடிக்கும். பின் சீட்டில் எறும்பு ஊரும். அக்கா கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் சந்நிதியில் நின்றுகொண்டு கழுத்திலிருந்து எறும்பு எடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வெல்லத்துக்கு ஈரம் இழுக்கிற குணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சும்மா வைத்த மூட்டையே வேர்க்கும். அந்தக் கசிவு டிக்கித் தரையில் இறங்கி, தகடும் தகடும் சேருகிற மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். துடைத்தாலும் வராது. போன இடத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரம் நின்ற இடத்தில் துரு. கடற்கரை ஊரில் உப்புக்காற்று செய்கிற வேலையை எங்கள் ஊரில் வெல்லம் செய்திருக்கிறது. இது எனக்கு 2019-இல்தான் தெரிந்தது.

கோடையில் வேறு கூத்து. நம்முடையது வெயிலூர் ஆயிற்றே. கண்ணமங்கலம் ரோட்டில் மத்தியானம் போனால் வண்டி இருமி நின்றுவிடும். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும், பம்ப் ஆவியை இழுத்து ஏமாந்துபோகும். அப்பா பானெட்டைத் திறந்து, கூஜாத் தண்ணீரில் துண்டை நனைத்து பம்ப் மேல் போட்டுவிட்டு, புளியமரத்தடியில் பீடி பிடிப்பார். துண்டு காய்ந்தால் மறுபடியும் நனைப்போம். இருபது நிமிஷத்தில் வண்டி கிளம்பும். குடிக்கிற தண்ணீர் தீர்ந்துபோயிருக்கும்.

2001-இல் வண்டி நின்றது. வேலப்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அப்பா 2009-இல் போய்ச் சேர்ந்தார். "பேரீச்சம்பழத்துக்குக்கூடத் தேறாது, குடுத்துத் தொலை" என்று மாமா வருகிற போதெல்லாம் சொல்வார். நான் கொடுக்கவில்லை. பாசம் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன், சோம்பேறித்தனமும்தான்.

மூன்று நிறம்

2017 மே விடுமுறையில் கொட்டகையைச் சுத்தம் பண்ணப் போய், ஆரம்பித்துவிட்டேன். ஆசிரியர் வேலையில் இது ஒரு சௌகரியம், வருடத்துக்கு ஒரு மாதம் கையில் கிரீஸோடு இருக்கலாம். ஒரு வருடம் போதும் என்று நினைத்தேன். 2023 ஆனது.

இன்ஜின் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் அதைத்தான் பெரிசு என்று நினைக்கிறார்கள், ஆனால் இன்ஜின் சொன்ன பேச்சைக் கேட்கும். 1089 சிசி, நாலு சிலிண்டர், 68 மில்லிமீட்டர் போர். தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்துக் குடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் தீர்ந்தது. எழுபது வயது தாண்டிய ஒரு மெக்கானிக் பாய் கிடைத்தார். இந்த வண்டியை அவர் கண்ணால் பார்ப்பதில்லை. ஸ்பேனரைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை இன்ஜினில் ஊன்றிக் கேட்பார். "மூணாவது வால்வு பேசுது வாத்தியாரே" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதுதான். சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை. காலையில் லால்பாக் ஏறி, இரவு கையில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டரோ ஒரு கதவுக் கைப்பிடியோ சாக்கில் சுற்றிக்கொண்டு திரும்புவேன். பம்பாய் டாக்ஸிகள் ஓடிய வரைக்கும் உதிரிபாகத்துக்கு அவ்வளவு பஞ்சமில்லை. கடைசிப் பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரில் அங்கே ரோட்டை விட்டுப் போய்விட்டது. என் வண்டி அதற்கு நாலு மாதம் முன்னால் எழுந்து நின்றுவிட்டதை நினைத்தால் இப்போதும் அப்பாடா என்றிருக்கிறது.

ஒரிஜினல் தகராறு முதலில் பெயின்டில் வந்தது. தண்ணீர்ப் பேப்பர் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கதவின் நடுவில் வட்டம் வட்டமாக நிறங்கள் வெளியே வந்தன. மேலே எல்லோருக்கும் தெரிந்த வெள்ளை. அதற்குக் கீழே ஒரு பிஸ்தாப் பச்சை. அதற்கும் கீழே கருநீலம். கம்பெனியில் அடித்தது அந்தக் கருநீலம்தான் என்றார் பெயின்டர், கதவுத் தூணின் உள்பக்கத்திலும் அதுவே இருந்தது. நான் அந்த வண்டியைக் கருநீலமாகப் பார்த்ததே இல்லை. டாக்டர் பார்த்திருப்பார். அப்பா வாங்கும்போது பச்சை, அக்கா கல்யாணத்துக்கு முன்னால் 1994-இல் வெள்ளை. ஒரிஜினல் வேண்டுமென்றால் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நிறத்தை அடிக்க வேண்டும். நான் பச்சை அடித்தேன். பெயின்டருக்கு அதில் வருத்தம்தான்.

பத்தொன்பது போல்ட்

2019 மே. பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, தரையில் ஒட்டிக்கிடந்த ரப்பர் விரிப்பை உரித்தேன். அதற்கு அடியில் கோணிச்சாக்கு, மக்கிப்போய், பிடித்தால் பொடியாகிறது. சாக்குக்கு அடியில் தார். கெட்டியாக, ஒரு விரல் கனத்துக்கு. வலது பக்கம், நான் உட்காருகிற பக்கம். ஊதுவிளக்கு வைத்து இளக்கி, பட்டித் தகடால் சுரண்டினேன். சின்னச் சின்னப் போல்ட் தலைகள் வந்தன. மொத்தம் பத்தொன்பது. ஒன்றைப் போல ஒன்று இல்லை. சிலது மர ஆணியையே வளைத்து அடித்தது போல இருந்தது. ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது, உருண்டைத் தலை, குறுகிய மரை. சைக்கிள் மட்கார்டு போல்ட். எட்டாம் வகுப்பில் என் சைக்கிளின் பின் மட்கார்டு ஒரு பக்கம் ஆடிக்கொண்டே இருந்தது, போல்ட்டை எங்கேயோ விழவிட்டேன் என்று அப்பாவிடம் திட்டு வாங்கிக் கம்பி கட்டி ஓட்டினேன். இது அதுதானா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போல்ட்களை அறுத்து, தகட்டை நெம்பித் தூக்கினேன். தகடுகூட இல்லை, தகரம். திருப்பினால் அடிப்பக்கம் மஞ்சள் நிறம், அதில் பச்சையில் ஒரு மரத்தின் பாதி. டால்டா டின். டின்னை வெட்டிப் பிரித்துத் தட்டி நேராக்கி, தார் ஊற்றி, போல்ட் அடித்திருக்கிறார். அது இருந்த இடத்தில் இரண்டு கை அகலத்துக்கு ஓட்டை. ஓட்டை வழியாகக் கொட்டகைத் தரையும் என் செருப்பும் தெரிந்தன.

அப்போதுதான் விளங்கியது. மழைக்காலத்தில் பாட்டி ஊருக்குப் போகும்போது ஒடுகத்தூர் பக்கம் தரைப்பாலத்தில் உத்திரகாவேரி ஓடும். தரைப்பாலம் வருவதற்கு முன்னாலேயே அப்பா கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "காலைத் தூக்கிக்கோ!" என்பார். நானும் அக்காவும் இரண்டு காலையும் சீட்டுக்கு மேல் தூக்கிக்கொள்வோம். தண்ணீர் தாண்டும் வரைக்கும் யார் கால் கீழே படுகிறதோ அவர்கள் அவுட். பெரும்பாலும் அக்காதான் ஜெயிப்பாள். அது எங்கள் விளையாட்டு என்றுதான் நாற்பத்தைந்து வயது வரைக்கும் நினைத்திருந்தேன். அக்கா ஓசூரில் இருக்கிறாள். மழைத்தண்ணீர் தேங்கிய ரோட்டில் போனால் இன்றைக்கும் தன் பிள்ளைகளுக்குக் "காலைத் தூக்கிக்கோ" சொல்வாள். அவர்களும் தூக்குவார்கள், ஓட்டை ஒன்றும் இல்லாத காரில்.

அம்மா கிணற்றடியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தகரத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஏறெடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கீரைக்குப் போய்விட்டார்.

"அதுவா. எம்பத்தி ஏழுல பிஞ்சுது. மண்டியில நஷ்டம் வந்த வருஷம்."

"உனக்குத் தெரியுமா?"

"நான்தான அந்த டின்னைக் குடுத்தேன். தண்ணி வேகமா அடிச்சா தகரம் மேல எழும்பிக்கும்னு அவருக்கு பயம்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையேம்மா."

"சொன்னா நீ பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லுவ, எங்க கார்ல ஓட்டைன்னு. பின்ன, எதுக்குக் காலைத் தூக்கச் சொன்னார்னு நெனச்ச?"

அந்தத் தகரத்தைத் துடைத்து, சட்டம் போட்டு ஹாலில் மாட்டப்போகிறேன் என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "அவரு மூடி வெச்சதை நீ எதுக்குத் தொறந்து மாட்டற?" என்று கேட்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. நான் அதைத் தியாகமாகப் பார்த்தேன். மாட்டி வைத்தால் வருகிறவர்களிடம் கதை சொல்லலாம். அப்பாவுக்கு அது வெட்கம். தார் ஊற்றி, சாக்குப் போட்டு, அதன் மேல் புது ரப்பர் விரிப்பும் வாங்கிப் போட்டிருக்கிறார். நஷ்டம் வந்த வருடத்தில் அந்த விரிப்புக்கு எங்கே காசு புரட்டினாரோ. இப்போது இதை எழுதுவதும் திறந்து மாட்டுகிற வேலைதானே என்று கேட்டால், ஆமாம். அம்மா இதையெல்லாம் படிப்பதில்லை.

யாரு கால் வைக்கப் போறாங்க

தகரத்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கீழே ஒரு நல்ல தகடு, மேலே அப்பாவின் தகரம், அதற்கு மேல் விரிப்பு. யாருக்கும் தெரியாது, அங்கே இருக்கும். டிங்கர்காரரிடம் சொன்னேன். அவர் ஓட்டையைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு ணங் என்று கேட்கும், செத்தது தொப் என்று கேட்கும். இரண்டு கை அகல ஓட்டை என்று நான் நினைத்தது, தட்டிப் பார்த்ததில் டிக்கித் தரை வரைக்கும் தொப் தொப் என்றே போனது. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டியும் பாதி போயிருந்தது. மடிப்புகளைக் குத்தினால் துருவோடு கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ வந்தது. அவர் முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வெல்லம். பதினெட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த வண்டியில்.

ஃபியட்டுக்குத் தனியாக சேசிஸ் கிடையாது. லாரி மாதிரி கீழே ஒரு சட்டம், மேலே ஒரு பெட்டி என்று இல்லை. தரை, பக்கப் பெட்டி, தூண், கூரை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வண்டியின் எடையைத் தாங்குகின்றன. தரை போனால் முதுகெலும்பு போன மாதிரி. "துரு பத்தினது மொத்தத்தையும் வெட்டணும் சார்" என்றார். நான் இழுத்தேன். ஜூன், ஜூலை இரண்டு மாதம் வண்டி அப்படியே நின்றது. ஸ்கூல் திறந்துவிட்டது, பேப்பர் திருத்துகிறேன், மழை வரட்டும் என்று ஏதேதோ சொன்னேன். ஆகஸ்டில் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். டீ குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இன்னா சார், இந்த எடத்துல யாரு கால் வைக்கப் போறாங்க, அதைச் சொல்லுங்க."

என் மகனுக்கு அப்போது பதினொரு வயது. வெட்டச் சொல்லிவிட்டேன்.

வெட்டுவது என்றால் சட்டென்று வெட்டிவிட முடியாது. முதலில் நாலு கதவையும் மூடித் திறந்து, இடைவெளியைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டார். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் வைத்தோம். ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு இரும்பு பைப்பைக் குறுக்கே தற்காலிகமாக டாக் வெல்டிங் அடித்தார், கூரை உட்காராமல் இருக்க. கீழே நாலு இடத்தில் கட்டை. அப்படியும் பக்கப் பெட்டியை வெட்டி எடுத்த மறுநாள் காலையில் பின் கதவு மூடவில்லை, இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஜாக்கியைக் கால் கால் சுற்றாகத் திருகி, கதவு தானாகப் போய் டப் என்று மூடுகிற வரைக்கும் ஏற்றினார். அந்த டப் சத்தம் வந்ததும்தான் பீடி பற்ற வைத்தார். 18 கேஜ் தகட்டை மர அச்சின் மேல் வைத்துத் தட்டித் தட்டி, கம்பெனித் தரையில் இருந்த வரிகளையும் கொண்டுவந்தார். ஆர்க் வெல்டிங் வைத்தால் இந்தத் தகடு ஓட்டையாகிவிடும் என்று கேஸில் ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் அங்கே என்று சூடு ஏறாமல் பற்றவைத்தார். முப்பத்தைந்து நாள் வேலை. இன்ஜினுக்கு ஆன செலவைவிட அதிகம்.

தகட்டை வெட்டிய வாரத்தில் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது கொட்டகை சுத்தமாக இருந்தது. வெட்டிப்போட்ட துருத் தகடு எல்லாவற்றையும் அம்மா காயலான் கடை வண்டிக்குப் போட்டுவிட்டார். டால்டா தகரமும் அதில் போய்விட்டது. "மொத்தம் முன்னூத்தி இருவது ரூபா. பேரீச்சம்பழம் இல்லியான்னு கேட்டேன், இப்பல்லாம் குடுக்கறதில்லையாம்" என்றார். ஒரு வாரம் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. மட்கார்டு போல்ட் மட்டும் என் மேசை டிராயரில் இருந்ததால் தப்பித்தது.

அதற்கப்புறம் வேலை ஓடியது. 2020 ஊரடங்கில் வயரிங் முழுக்க நானே போட்டேன், ஒரே ஒரு தடவைதான் புகை வந்தது. 2021 நவம்பரில், எப்போதும் மணலாகக் கிடக்கும் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்றது, நான் கொட்டகைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். 2022 ஏப்ரலில், பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. ஒரு வருடம் முன்னால் முடித்திருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பம்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குரோம் பூச்சுப் போட்டுத் தரும் ஆள் தேடி ராணிப்பேட்டைப் பக்கம் போனேன். செம்பு, அதன் மேல் நிக்கல், அதன் மேல் மெல்லிசாகக் குரோம். முகம் பார்க்கலாம் போல வந்தது. திரும்பி வரும்போதுதான் உறைத்தது. தோல் பதனிடுவதும் குரோம் உப்பில்தான். அதற்கான ரசாயனம் தயாரித்துவிட்டு மூடிப்போன தொழிற்சாலையின் குரோமியக் கழிவு ராணிப்பேட்டையில் மலையாகக் கிடப்பதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிவோம். பாலாற்றை நாசமாக்கிய தோல் ஆலைகள் மேல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது, அந்த வழக்கில் நம் வேலூர் பெயரும் சேர்ந்து சட்டப் புத்தகங்களில் ஏறிவிட்டது. அவ்வளவும் தெரிந்துதான் என் பம்பரும் பளபளக்கிறது. அதைத் துடைக்கும்போது இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை. வந்தாலும் துடைக்கிறேன்.

இப்போது கல்யாண மண்டபத்துப் பெரியவருக்கு வருகிறேன். டிக்கி லாக் உடைந்தது 1988-இல். கம்பெனி லாக் கிடைக்காமல் இல்லை, விலை கட்டவில்லை. மண்டி குடோனில் மீந்திருந்த நாதாங்கியை அப்பா கொண்டுவந்து அடித்தார். வெல்லம் இருக்கிற டிக்கியாயிற்றே, பூட்டாமல் விட முடியாது. அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை, சாவியை இடுப்பு அரைஞாணில் கட்டிக்கொண்டு எல்லோர் எதிரிலும் குனிந்து திறப்பார். ஆகவே அது இருக்கட்டும் என்று விட்டேன். தகரம் போனது, நாதாங்கி நின்றது. இதில் ஒரு கணக்கு வாத்தியாருக்கு உரிய ஒழுங்கு இல்லை என்று எனக்கே தெரியும். 2021-இல் வந்த விதிப்படி, ஐம்பது வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியை வின்டேஜ் என்று தனியாகப் பதியலாம். என் வண்டிக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. நாதாங்கி பெரிய மாற்றத்தில் சேருமா சேராதா என்று ஒருநாள் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அன்றைக்கும் அதைக் கழற்றுவேனா என்றால், மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

போன ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகக் கதவைத் திறந்தால், பின்பக்கத் தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். விரிப்பு மிதக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. முப்பத்தைந்து நாள் வேலை, 18 கேஜ் தகடு, எல்லாம் போயிற்றா என்று டிங்கர்காரருக்குப் போன் போட்டேன். வந்தார், முட்டி போட்டு அடியில் டார்ச் அடித்தார், கையால் தடவினார். கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. எழுந்து முன் கண்ணாடி ரப்பரின் மூலையில் விரலை விட்டார், விரல் உள்ளே போனது.

"தண்ணி மேலருந்து வந்திருக்கு சார். ரப்பர் போயிடுச்சு, அது ஒண்ணும் இல்ல, மாத்திக்கலாம். உள்ள வந்த தண்ணி வெளிய போவ வழி இல்ல, அதான் நிக்குது. வடியறதுக்கு ஓட்டை வைக்க மறந்துட்டேன்."

அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "பழைய தகரமா இருந்தா தானா போயிருக்கும்" என்றார்.

அம்மா கையில் குடையோடு ஏற்கெனவே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார், செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. "போலாமா, டோக்கன் போயிடும்" என்றார். ஒரு சொம்பு எடுத்துவந்து தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டுக் கிளம்பினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிங்கர்காரர் டிரில்லோடு வந்து, தரையின் தாழ்வான இடம் பார்த்து, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார்.